ஆண்டுக்கு ஒருமுறை ஏட்டைத் திறப்போம்
(வெள்ளிவிழா இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஒரு பள்ளித் தலைமையாசிரியன் கல்வியைப் பற்றிப் பேசுவான் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் விழாக் குழுவினர் எனக்குத் தந்துள்ள தலைப்பு, "தொழில் நிறுவனத்தின் திட்டத்தை ஆண்டுதோறும் ஆராய்ந்து திருத்துதல்" என்பதாகும். வணிகம் செய்தறியாத எனக்கு இத்தலைப்பு எதற்கு என்று முதலில் தயங்கினேன். பின்னர், இதில் எனக்கும் ஒரு பட்டறிவு உண்டு, அதுவும் கைப்பொருள் இழந்து பெற்ற பட்டறிவு என்பது நினைவுக்கு வந்தது. அதனை ஒளிக்காமல் உங்கள் முன் வைப்பதற்காகவே இங்கு நிற்கிறேன்.

இச்சங்கம் தொடங்கப்பெற்ற நாளில் நம் இளைஞர்களின் கனவு பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. படிக்க வேண்டும், தேர்வெழுத வேண்டும், அரசுப் பணியில் அமர வேண்டும். அக்கனவு இன்றும் தவறன்று. எனினும் படித்தோரின் தொகை பெருகிய அளவுக்கு அரசுப் பணியிடங்கள் பெருகவில்லை. ஆதலின் நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் சொந்தத் தொழிலை நாடத் தொடங்கியுள்ளனர். தையற்கூடம், அச்சகம், கட்டட ஒப்பந்தம், கணினி நிலையம், உணவுப் பொருள் தயாரிப்பு என்று பல துறைகளில் அவர்களை இன்று காண்கிறோம். இது மகிழத்தக்க மாற்றமே. ஆனால் இம்மாற்றத்தோடு வந்துள்ள ஒரு குறையையும் நாம் நோக்க வேண்டும்.

வழிவழியாக வணிகம் செய்யும் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கொரு நாள் பழைய கணக்கை முடித்துப் புதுக்கணக்குத் தொடங்குவார்கள். சரக்கு எவ்வளவு, நிலுவை எவ்வளவு, எந்தப் பொருளை இனி வாங்கலாகாது, எவருக்கு இனிக் கடன் தரலாகாது என்பதையெல்லாம் தந்தை கூற மகன் கேட்பான். திண்ணையில் அமர்ந்து பேசும் அந்தப் பேச்சே அவர்களுக்கு ஆண்டு மீளாய்வு. நம் இல்லங்களில் அத்தகைய திண்ணை இருந்ததில்லை. தராசும் பேரேடும் இருந்ததில்லை. விதைப்பும் அறுவடையும் நம் முன்னோர் கைகளால் நடந்தன; கணக்கோ மற்றவர் கைகளில் இருந்தது. எனவே முதல் தலைமுறையாகத் தொழிலில் இறங்கும் நம் இளைஞனுக்கு, "தம்பி, சென்ற ஆண்டு போல் இவ்வாண்டு இராது" என்று எச்சரிக்க ஒரு பாட்டனார் இல்லை. அந்தப் பாட்டனார் செய்ய வேண்டிய வேலையைத் தாளில் எழுதப்பட்ட திட்டம்தான் செய்ய வேண்டும். அத்திட்டத்தை ஆண்டுதோறும் திறந்து பார்க்காவிட்டால், அவரும் வாய் பேசாதவர் ஆகிவிடுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டில் என் பழைய மாணவர் மூவர் ஒன்றுசேர்ந்து காகிதக் குவளை தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். தேநீர்க் கடைகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் வழங்குவது அவர்கள் நோக்கம். கடன் கேட்டு வங்கிக்குச் சென்றபோது திட்ட அறிக்கை கேட்டார்கள். அத்தொழிலில் பழகிய ஒருவர் கூலி பெற்றுக்கொண்டு அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தார். ஐந்து ஆண்டுகளுக்கும் விற்பனை எவ்வளவு, செலவு எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று கட்டம் கட்டிக் காட்டியிருந்தார். ஒவ்வோர் ஆண்டும் விற்பனை பத்து விழுக்காடு உயரும் என்பது அதன் அடிப்படை. வங்கியில் நான் பிணைக் கையெழுத்திட்டேன். மூவரில் ஒருவருடைய தாயார், கூலி வேலை செய்து பல ஆண்டுகளாகச் சேர்த்த நான்கு பவுன் நகையை அடகு வைத்து மகனின் பங்குத் தொகையைத் தந்தார். கடன் கிடைத்தது, எந்திரம் வந்தது, திட்ட அறிக்கை அலமாரிக்குள் சென்றது.

முதல் இரண்டு ஆண்டுகள் தொழில் நன்றாகவே நடந்தது. 2018 ஜூன் 5ஆம் நாள், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் தடை என்ற அறிவிப்பு சட்டமன்றத்தில் வெளியாயிற்று. தடைப் பட்டியலில் இடம்பெற்ற பதினான்கு வகைப் பொருட்களுள் பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய காகிதக் குவளையும் ஒன்று. எங்கள் பிள்ளைகள் தயாரித்தது அதுவேதான். அன்பர்களே, இங்கு நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. அந்த வாரம் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்களை நிறுத்திப் பிளாஸ்டிக் ஒழிப்பு உறுதிமொழியைச் சொல்ல வைத்தவன் நான். செய்தித்தாளை உரக்க வாசித்தவனும் நான். ஆனால் எந்தக் குவளைக்காகப் பிணை நின்றேனோ அந்தக் குவளை என் நினைவில் எழவேயில்லை. "காகிதக் குவளைதானே, இது பிளாஸ்டிக்கில் சேராது" என்று பிள்ளைகளும் இருந்துவிட்டனர்.

அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே ஏறத்தாழ ஏழு மாதங்கள் இருந்தன. அந்த ஏழு மாதங்களில் ஒரே ஒரு நாள் அமர்ந்து திட்டத்தைத் திறந்திருந்தால், விற்பனை என்ற வரியின் கீழ் பெரிய கேள்விக்குறி ஒன்றை இட்டிருப்போம். அதற்கு மாறாக, மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று அக்டோபர் மாதத்தில் மூன்று மாதத்திற்கான பூச்சுத்தாளை வாங்கி அடுக்கினார்கள். சனவரியில் தொழில் நின்றது. சரக்கை வந்த விலைக்குத் தள்ளினார்கள். வட்டி மட்டும் நிற்கவில்லை. எட்டு மாதத் தவணையை என் ஊதியத்திலிருந்து கட்டினேன். அது பெரிதன்று. அந்தத் தாயாரின் நான்கு பவுன் மீட்கப்படாமல் ஏலத்திற்குப் போயிற்று. இதுதான் என் நெஞ்சில் இன்றும் உறுத்துவது.

2019ஆம் ஆண்டின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளித் தாழ்வாரத்தில் நால்வரும் அமர்ந்து அந்த அறிக்கையை வெளியே எடுத்தோம். மூன்றாம் ஆண்டுக் கட்டத்தில், விற்பனை பத்து விழுக்காடு உயரும் என்று அது அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. திட்டம் எங்களை ஏமாற்றவில்லை. அதை நாங்கள்தாம் கைவிட்டிருந்தோம். அன்றுதான் ஒரு முடிவு செய்தோம். தொழிலைப் பாக்குமட்டைத் தட்டுக்கு மாற்றுவது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் முழுதும் அமர்ந்து திட்டத்தைத் திருத்துவது.

அவ்வாறு செய்துவருகையில் நாங்கள் கற்றவற்றை முறைப்படுத்திக் கூறுகிறேன்.

ஏப்ரல் மாதம் ஏன்? நம் நாட்டில் நிதியாண்டு மார்ச்சு 31-இல் முடிகிறது. கணக்கு முடிந்த சூட்டோடு ஆராய்ந்தால் நினைவும் தெளிவாக இருக்கும், தாள்களும் கையில் இருக்கும். 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி, பதிவுபெற்ற நிறுமங்கள், ஒருநபர் நிறுமம் நீங்கலாக, ஆண்டுப் பொதுக் கூட்டம் நடத்திக் கணக்கை உறுப்பினர் முன் வைக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்திற்குள் அதைச் செய்ய வேண்டும்; முதல் கூட்டத்திற்கு மட்டும் ஒன்பது மாதம் தரப்பட்டுள்ளது. சட்டம் கேட்பது கடந்த ஆண்டின் கணக்கை. வரும் ஆண்டின் திட்டத்தைத் திருத்தினாயா என்று எந்த அதிகாரியும் நம்மைக் கேட்பதில்லை. கேட்பாரில்லாத வேலை என்பதனாலேயே அது விடுபட்டுப் போகிறது. சென்ற ஆண்டுப் பாடக்குறிப்பை அட்டை மட்டும் மாற்றி வைக்கும் ஆசிரியர் உண்டு. ஆய்வுக்கு வருபவர் ஏமாறலாம். ஆனால் வகுப்பில் இருப்பவர் புதிய மாணவர் அல்லரோ?

முதற்கண், திட்டமிட்டதையும் நடந்ததையும் அருகருகே எழுதுங்கள். வேறுபாட்டைக் கண்டதும் வருந்திவிட்டு மூடிவிடாமல் அதைப் பிரித்துப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்காக எளிய எண்களைக் கொள்வோம். எட்டு இலட்சம் தட்டுகளை, தட்டுக்கு 3 ரூபாய் வீதம் விற்று 24 இலட்சம் ரூபாய் ஈட்டுவது திட்டம். நடந்தது, ஏழரை இலட்சம் தட்டுகள், தட்டுக்கு 2 ரூபாய் 80 காசு, ஆக 21 இலட்சம். குறைவு மூன்று இலட்சம். விற்பனை மந்தம் என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் பிரித்தால் என்ன தெரிகிறது? ஐம்பதாயிரம் தட்டுகள் குறைந்ததால் வந்த இழப்பு ஒன்றரை இலட்சம். விலையில் 20 காசு விட்டுக்கொடுத்ததால் வந்த இழப்பும் ஒன்றரை இலட்சம். நோய் இரண்டு, மருந்தும் இரண்டு. முன்னதற்குப் புதிய வாடிக்கையாளரைத் தேட வேண்டும். பின்னதற்கு, பேரம் பேசியவுடன் இறங்கிவரும் நம் வாயைக் கட்ட வேண்டும்.

இன்னும் ஒரு படி செல்வோம். ஒரு தட்டுக்கு மட்டை, கூலி, மின்சாரம், கட்டுதல் எல்லாம் சேர்ந்து 1 ரூபாய் 80 காசு ஆகிறது என்றும், வாடகை, நிலையான ஊதியம், வட்டி ஆகியவை ஆண்டுக்கு ஆறு இலட்சம் என்றும் கொள்வோம். 3 ரூபாய்க்கு விற்றால் தட்டுக்கு 1 ரூபாய் 20 காசு மிஞ்சும்; ஐந்து இலட்சம் தட்டுகள் விற்றதும் முதலுக்கு மோசமில்லை என்ற நிலையை அடைவோம். 2 ரூபாய் 80 காசுக்கு விற்றாலோ ஆறு இலட்சம் தட்டுகள் விற்ற பின்னரே அந்நிலை வரும். திட்டப்படி இலாபம் 3 இலட்சத்து 60 ஆயிரம். கிடைத்தது 1 இலட்சத்து 50 ஆயிரம். விற்பனை எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. இலாபமோ பாதிக்கு மேல் போயிற்று. இக்கணக்கு ஆறாம் வகுப்பு மாணவனும் போடக்கூடியது. ஆனால் போட்டால்தான் தெரியும்.

இரண்டாவதாக, பணம் யாரிடம் நிற்கிறது என்று பாருங்கள். இலாபம் ஏட்டில் இருந்து பணம் பெட்டியில் இல்லாமல் அழிந்த தொழில்கள் பல. நம் பிள்ளைகள் பாக்கியைக் கேட்கக் கூசுகிறார்கள். கேட்டால் அடுத்த முறை வாங்கமாட்டார்களோ என்று அஞ்சுகிறார்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் பெற்றவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தலாகாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. நம் பணத்தைக் கேட்பது இரந்து நிற்பதன்று, உரிமை.

மூன்றாவதாக, நம்மைச் சுற்றி மாறியவை எவை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். சட்டம், வரி, அரசின் உதவித் திட்டம், மூலப்பொருள், போட்டியாளர் என்று ஒவ்வொன்றாக நோக்குங்கள். 2017 சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. அதற்கு முன் எழுதிய திட்டத்தில் அது எவ்வாறு இருக்கும்? 2016 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர் புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்குப் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை கடனுக்கு வழி செய்தது. அதன் காலம் 2025 வரை என்றே நீட்டிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு அரசு 2023ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்து, 35 விழுக்காடு முதலீட்டு மானியத்திற்கும் 6 விழுக்காடு வட்டி மானியத்திற்கும் வகை செய்தது. மத்திய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் ஆணையால் வந்த இலக்கு. இவையெல்லாம் வருவன, திருத்தப்படுவன, முடிவன. ஒரு முறை கேட்டறிந்ததை என்றென்றும் உள்ளதாகக் கொள்ளாமல், ஆண்டுதோறும் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிந்து எழுதுங்கள்.

நான்காவதாக, உங்கள் உழைப்புக்கு விலை போடுங்கள். தாயும் மனைவியும் தம்பியும் கூலியின்றி உழைக்கும் தொழில், இலாபத்தில் நடப்பதாகத் தோன்றும். உண்மையில் அவர்கள் கூலியைத்தான் அது தின்றுகொண்டிருக்கும். கூலியில்லா உழைப்பின் கொடுமையை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? நம் நிறுவனத்திற்குள் அதை நாமே அனுமதிக்கலாமா? எந்திரத் தேய்மானத்தையும் இத்துடன் சேர்த்து எழுதுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் புதிய திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, செய்பவர் பெயரும் முடிக்கும் நாளும் இருக்கட்டும். விற்பனை கால்பங்கு குறைந்தால் என்ன செய்வோம் என்பதையும் கீழே எழுதுங்கள். பழைய திட்டத்தை அழிக்காமல் அடியில் வைத்துத் தையுங்கள். நம் தவறு நம் கையெழுத்திலேயே இருப்பதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. நடைமுறை மூலதனக் கடனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வங்கிக்குச் செல்லும்போது இந்த ஏடே உங்களுக்காகப் பேசும்.

ஆண்டுக்கொருமுறை என்பதால் இடையில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. சட்டம் மாறினால் அன்றே திறவுங்கள். அதேபோல், ஒரு மாத விற்பனை குறைந்தவுடன் அஞ்சித் திட்டத்தையே மாற்றுவதும் கூடாது. முளைத்ததா என்று நாள்தோறும் விதையைத் தோண்டிப் பார்ப்பவன் விளைச்சல் காணமாட்டான்.

எங்கள் முதல் மீளாய்வு எப்போது வந்தது தெரியுமா? 2020 ஏப்ரலில். நாடு முழுதும் ஊரடங்கு. திருமணங்கள் நின்றுவிட்டன, பெரிய சாப்பாட்டுத் தட்டை வாங்குவார் இல்லை. தாழ்வாரத்தில் கூட முடியாமல் தொலைபேசியிலேயே கணக்கை வாசித்தோம். உணவகங்களில் அமர்ந்து உண்ணத் தடை. வாங்கிச் செல்லத் தடையில்லை. எனவே பெரிய தட்டைக் குறைத்துச் சிறு தட்டும் கிண்ணமும் செய்வதென்று எழுதினோம். கடன் தவணையை ஒத்திவைக்க மார்ச்சு முதல் ரிசர்வ் வங்கி இடமளித்திருந்தது. வாய்ப்பு வந்ததென்று அப்படியே ஏற்காமல், ஒத்திவைத்த காலத்திற்கும் வட்டி ஏறும் என்று கணக்கிட்டு, மூன்று மாதத்திற்கு மட்டும் ஏற்றுக்கொண்டோம். மழைக்காலத்தில் காய்ந்த மட்டை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பூஞ்சை பிடிக்கும் என்பதை அடுத்த ஆண்டு கற்றோம். அதன்பின் கோடையிலேயே வாங்கி உலர்ந்த இடத்தில் சேமிக்கும் செலவு திட்டத்தில் ஒரு வரியாயிற்று. இப்படி ஆண்டுக்கொரு பாடம். 2024ஆம் ஆண்டில் வங்கிக் கடன் முழுவதும் அடைபட்டு, என் பிணையும் விடுபட்டது.

திட்டத்தை மாற்றுவது கொள்கையை மாற்றுவதாகாதா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நம் முன்னோர் ஒருவரைக் காட்டுகிறேன். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் மாதத்தில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயரில் தாங்கிய இதழ் அது. ஓராண்டு கழிந்தபின், வாசகர்களின் வேண்டுகோளை ஏற்று 1908-இல் அதன் பெயரைத் 'தமிழன்' என்று மாற்றினார். தாம் வைத்த பெயராயிற்றே என்று அவர் பிடிவாதம் செய்யவில்லை. பெயர் மாறிற்று, பணி மாறவில்லை. குறிக்கோள் வேறு, திட்டம் வேறு. முன்னதை உறுதியாகப் பற்றிக்கொள்வதற்காகவே பின்னதைத் திருத்துகிறோம்.

இறுதியாக, இச்சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். மாலைநேர வகுப்புக்குத் திறந்துவிடும் இந்த மண்டபத்தை, ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தொழில் முனைவோருக்குத் திறந்துவிடுங்கள். அவரவர் ஏட்டோடு வந்து அமரட்டும். கணக்குத் தெரிந்த ஆசிரியரும், வங்கியில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் உடன் இருக்கட்டும். நம் வீடுகளில் இல்லாத அந்தத் திண்ணையை இச்சங்கம் நமக்குத் தரட்டும்.

என் மாணவர்களின் இவ்வாண்டுத் திட்டத்தில் பத்தாவது வரியாக, "அம்மா நகை, ஒரு பவுன்" என்று எழுதியிருக்கிறது. எதிரே மகனின் பெயரும், முடிக்க வேண்டிய மாதமும் உள்ளன. ஏலம் போன நகை திரும்பாது. எனினும் நான்கு ஆண்டுகளில் நான்கு பவுன் என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வரி நிறைவேறிற்றா என்று வரும் ஏப்ரலில் ஏட்டைத் திறந்து பார்ப்போம்.